பூட்டிய அறையும் மங்கிய விளக்கும்: திகிற்படங்களில் இல்லறம்

அச்சம் என்னும் மெய்ப்பாடு எவற்றால் பிறக்கும் என வகுக்கப் புகுந்த தொல்காப்பியர் தெய்வம், விலங்கு, கள்வர், தம் தலைவர் என நான்கு நிலைக்களன்களைச் சுட்டினார். முதல் மூன்றும் புறத்திலிருந்து வருவன. நான்காவது அத்தகையதன்று. அதற்கு அவர் ஆண்ட ‘இறை’ என்னும் சொல்லை உரையாசிரியர்கள் அரசன் முதலியோரைக் குறிப்பதாகக் கொண்டனர். ஆயினும் ‘இறைவன்’ என்பதற்குக் கணவன் என்னும் பொருளும் நம் அகராதிகளில் உண்டு. காக்கக் கடமைப்பட்டவனே அச்சத்தின் பிறப்பிடம் ஆதல் என்னும் இந்நான்காம் வகையை மேலைநாட்டுத் திரைப்படம் தனியொரு மரபாகவே வளர்த்தெடுத்தது. அப்படங்களில் பேய் வெளியிலிருந்து வருவதில்லை. வந்தாலும் கதவைத் திறந்து விடுபவன் கணவனாகவே இருக்கிறான்.

இம்மரபின் வரலாற்றைப் படங்களின் பட்டியலாக எழுதிவிடலாம். அதனால் பயன் சிறிதே. தலைமுறைதோறும் இப்படங்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வந்துள்ளன. வீட்டிற்குள் நிகழ்வதை மனைவி அறிந்துகொண்ட பின், அவள் சொல்லை நம்புபவர் யார் என்பதே அக்கேள்வி. காலத்துக்குக் காலம் மாறிய விடைகளை நோக்கினால், மணவாழ்வைப் பற்றி அவ்வச் சமுதாயம் வெளியே சொல்லத் துணியாதவற்றைத் திரையரங்கின் இருட்டில் சொல்லிக்கொண்ட விதம் புலனாகும்.

மரபின் வேர் ஏட்டில் இருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட கதைத் தொகுதியில் ‘நீலத்தாடி’ என்னும் கதை உள்ளது. செல்வன் ஒருவன் தன் புதுமனைவியிடம் மாளிகையின் சாவிக்கொத்தைக் கொடுத்து, ஒரேயோர் அறையை மட்டும் திறக்கலாகாது என ஆணையிட்டு வெளியூர் செல்கிறான். அவள் திறக்கிறாள். உள்ளே அவனுடைய முன்னை மனைவியரின் பிணங்கள் கிடக்கின்றன. கை நடுங்கிச் சாவி குருதியில் விழ, அக்கறை எவ்வளவு கழுவியும் போவதில்லை. திரும்பி வந்த கணவன் கறையைக் கண்டு அவளைக் கொல்ல வாளை ஓங்கும் வேளையில் அவளுடைய உடன்பிறந்தார் வந்து அவனை வீழ்த்துகின்றனர். கதையின் ஈற்றில் பெரோ இரண்டு நீதிகளைச் சேர்த்தார். முதலாவது பெண்ணின் ஆவலைக் கடிவது. இரண்டாவது, இஃது என்றோ நடந்த கதை, இக்காலத்தில் இத்தகைய கணவர் இலர் என்பது. பல மனைவியரைக் கொன்றவனின் கதைக்கு மனைவியின் ஆவலைக் கடியும் நீதி எவ்வளவு பொருந்தாதது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இவ்விரு நீதிகளும், அதாவது ‘குற்றம் அவளுடையது’, ‘இப்போது அப்படியெல்லாம் இல்லை’ என்பன, பின்வந்த படங்கள் பலவற்றில் கணவரும் மருத்துவரும் அண்டை வீட்டாரும் பேசும் பேச்சாகவே தொடர்கின்றன.

ஈண்டு நம் குண்டலகேசிக் கதை நினைவுக்கு வருவது இயல்பு. நாதகுத்தனாரின் அக்காப்பியம் சில செய்யுள்களாக மட்டுமே எஞ்சினும் கதையை நீலகேசி உரைவழி அறிகிறோம். கொலைத்தண்டனையிலிருந்து தான் மீட்டு மணந்த கள்வன், ஊடற்பொழுதில் சொன்ன ஒரு சொல்லை மனத்திற்கொண்டு தன்னைக் கொல்லவே மலையுச்சிக்கு அழைத்து வந்தான் என உணர்ந்த பத்திரை, இறப்பதற்கு முன் கணவனை வலம்வர வேண்டும் எனக் கூறி, பின்புறமாகச் சென்று அவனைத் தள்ளிவிடுகிறாள். அவள் எந்த உடன்பிறந்தானுக்காகவும் காத்திருக்கவில்லை. பெரோவின் மணமகளோ கோபுரத்தின் மீதேறி உதவி வருகிறதா என்று பார்க்குமாறு தன் தமக்கையை ஏவிக்கொண்டிருந்தாள். மேலைத் திரைப்படத்தின் மனைவியர் பத்திரையின் இடத்தை அடைவதற்கு மிக நீண்ட காலம் ஆயிற்று.

திரைப்படம் தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே நீலத்தாடி திரைக்கு வந்துவிட்டான். மாயவித்தைக்காரராக இருந்து படமெடுக்க வந்த ஜார்ஜ் மெலியே 1901இல் அக்கதையைப் பத்து நிமிடப் படமாக்கிக் கொடிய கணவனாகத் தாமே நடித்தார். அறைக்குள் மனைவியர் வரிசையாகத் தொங்கும் காட்சி இன்றும் அதிர்ச்சி தருவது. ஆயினும் மெலியேவுக்கு அது விளையாட்டே. குட்டிச்சாத்தான் ஒன்று குதிக்கிறது. கனவில் சாவி ஆளுயரத்துக்கு வளர்கிறது. இறுதியில் இறந்த மனைவியர் உயிர்பெற்று வேறு கணவரை அடைகின்றனர். கதை உண்மையான அச்சமாக மாற, மாயம் நீங்கி நடுத்தர வீட்டின் கூடம் வரவேண்டியிருந்தது.

அது வந்தது 1938இல். ஆங்கில எழுத்தாளர் பாட்ரிக் ஹாமில்டன் அவ்வாண்டில் ‘காஸ் லைட்’ என்னும் நாடகத்தை எழுதினார். விக்டோரியா காலத்து லண்டன் வீடு, கணவன், மனைவி, இரு வேலைக்காரிகள், வாயு விளக்குகள். இதனை 1940இல் தொரால்டு டிக்கின்சன் இங்கிலாந்தில் படமாக்கினார். உரிமையை வாங்கிய ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் 1944இல் ஜார்ஜ் கியூகரின் இயக்கத்தில் மீண்டும் எடுத்தது. இங்ரிட் பெர்க்மனுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றுத் தந்தது இப்படமே. இம்மரபின் நடுத்தூண் என இதனைக் கூறலாம்.

பவுலாவின் சிற்றன்னையான பாடகி கொலையுண்ட வீட்டில் அவளை மணந்தவன் குடியேற்றுகிறான். அவனே கொலைகாரன். கிடைக்காமற்போன நகைகளைத் தேடி இரவுதோறும் யாரும் அறியாமல் அவ்வீட்டின் மேற்கூரை அறைக்குள் நுழைகிறான். அங்கே அவன் விளக்கை ஏற்றும்போது கீழே மனைவியின் அறையில் விளக்கு மங்குகிறது. ஒரே குழாயில் வரும் வாயுவை இன்னொரு விளக்கும் பங்கிட்டுக்கொள்வதால் அழுத்தம் குறைந்து சுடர் தாழ்தல் அக்கால வீடுகளில் இயல்பு. அவள் கண்ணால் காண்பது உண்மை. தலைக்கு மேலே காலடியோசை கேட்பதும் உண்மை. ஆனால் சமையற்காரிக்குக் காது மந்தம். பணிப்பெண்ணோ எசமானிக்கு மனநிலை சரியில்லை என எசமானன் சொன்னதை நம்பியவள். கணவன் பரிசளித்த மார்பணியை அவனே எடுத்து மறைத்துவிட்டு, நீதான் தொலைத்தாய் என்கிறான். சுவரிலிருந்து படத்தை அகற்றிவிட்டு வேலைக்காரிகளை விவிலியத்தின்மேல் சத்தியம் செய்யச் சொல்கிறான். அவர்கள் அஞ்சாமல் சத்தியம் செய்கின்றனர், ஏனெனில் அவர்கள் எடுக்கவில்லை. அப்போது எஞ்சியிருப்பவள் மனைவி ஒருத்தியே. ஓர் அடிகூட அடிக்காமல், குரலைப் பெரிதும் உயர்த்தாமல், ஒருத்தியைத் தன் கண்ணையும் காதையும் நம்பாதவளாக ஆக்குதல் எவ்வாறு என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படம் அதற்கு முன் அரிது.

அவளை மீட்பது எது? ஸ்காட்லாந்து யார்டைச் சேர்ந்த ஒருவன் அவ்வீட்டிற்குள் வந்து அவளோடு பேசிக்கொண்டிருக்கையில் விளக்கு மங்குவதைத் தானும் காண்கிறான், கண்டதாகச் சொல்கிறான். நோய் அந்தக் கணமே தீர்கிறது. இன்னொருவர் கண்டது போதும். படத்தின் முடிவில் நாற்காலியில் கட்டுண்ட கணவன் கத்தியெடுத்துக் கயிற்றை அறுக்குமாறு கெஞ்ச, பவுலா பைத்தியம் போலப் பேசி, கத்தியைத் தொலைத்துவிட்டதாகக் கூறும் காட்சி வருகிறது. அவன் கற்பித்த பாடத்தையே அவனுக்கு ஒப்பித்துக் காட்டுகிறாள். பழிவாங்கலில் இத்துணை நயம் அமைவது அரிது.

அதே பத்தாண்டில் இவ்வகைப் படங்கள் பெருகின. ஆல்பிரட் ஹிச்சாக்கின் ‘ரெபேக்கா’ 1940இலும் ‘சஸ்பிஷன்’ 1941இலும், பிரிட்ஸ் லாங்கின் ‘சீக்ரெட் பியாண்ட் த டோர்’ 1947இலும் வந்தன. லாங்கின் படத்தில் கணவன் கொலைகள் நிகழ்ந்த அறைகளைத் தன் மாளிகையில் மறுபடியும் அமைத்துச் சேகரிப்பவன். பூட்டப்பட்ட ஏழாம் அறையை மனைவி திறந்து பார்த்தால் அது அவளுடைய படுக்கையறையின் நகல்! நீலத்தாடிக்கு இதனினும் நேரான வழித்தோன்றல் இல்லை. உலகப்போர்க் காலத்தில் அவசரமாக மணந்து பிரிந்த இணையர், போர் முடிந்து வீடு திரும்பிய அறிமுகமற்ற கணவர், தொழிற்சாலை வேலையை விட்டுச் சமையலறைக்குத் திரும்புமாறு சொல்லப்பட்ட பெண்கள் எனப் பல காரணங்களை அறிஞர் கூறுவர். அமெரிக்காவில் மணமுறிவு வீதம் 1946இல் அதுகாறும் காணாத உச்சத்தைத் தொட்டது என்பது இக்கருத்துக்கு அரணாகும்.

ஆனால் அக்காலத் தணிக்கை விதிகளும் நிறுவனங்களின் வணிக எண்ணமும் இக்கதைகளை முடிவு வரை செல்ல விடவில்லை. டாப்னி டு மோரியேயின் ‘ரெபேக்கா’ புதினத்தில் முதல் மனைவியைக் கணவன் சுட்டுக் கொல்கிறான். கொன்றவன் தண்டனையின்றித் தப்பலாகாது என்பது விதியாதலால், படத்தில் அவள் பூசலின்போது தவறி விழுந்து இறக்கிறாள். ‘சஸ்பிஷன்’ இன்னும் வேடிக்கையானது. மூலக்கதையில் கணவன் நஞ்சிடுகிறான்; மனைவி அறிந்தே அருந்துகிறாள். கேரி கிராண்ட் போன்ற நட்சத்திரம் கொலைகாரனாக இருத்தல் கூடாது என்று கருதிய நிறுவனம், எல்லாம் மனைவியின் வீண் ஐயமே என்று கதையை மாற்றிவிட்டது. கணவன் மாடிப்படியேறிப் பால் கொண்டுவரும் காட்சியில் அப்பால் குவளைக்குள் சிறு விளக்கை வைத்து ஒளிரச் செய்ததாக ஹிச்சாக்கே பின்னர்க் கூறியுள்ளார். பார்வையாளர் கண்ணுக்கு நஞ்சை ஒளியாகக் காட்டிவிட்டு, இறுதியில் நீங்கள் கண்டது பொய் என்கிறது படம். பவுலாவுக்கு அவள் கணவன் செய்ததையே இங்கே படத்தயாரிப்பாளர் பார்வையாளருக்குச் செய்துவிட்டனர் எனலாம்.

பிரான்சில் 1955இல் அன்றி ஜார்ஜ் குளூசோ எடுத்த ‘லே தியபோலிக்’ மரபை வேறு பக்கம் திருப்பியது. கொடிய கணவனை மனைவியும் அவனுடைய காதலியும் சேர்ந்து நீரில் அமிழ்த்திக் கொல்கின்றனர். உடல் காணாமற் போகிறது. பிறகு ஓர் இரவில் குளியல் தொட்டியிலிருந்து அவன் எழுகிறான். நெஞ்சு நோயுள்ள மனைவி அதிர்ச்சியில் இறக்கிறாள். அதுவே அவர்கள் இருவரின் திட்டம். இங்கே அஞ்சத்தக்கது கொலைகூட அன்று; மனைவியின் நோயைக் கணவன் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தான் என்பதே. மனைவியாக நடித்த வேரா குளூசோ இயக்குநரின் மனைவி. அவரும் 1960இல் மாரடைப்பால் காலமானார்.

ஐரா லெவினின் 1967ஆம் ஆண்டுப் புதினத்தைத் தழுவி அடுத்த ஆண்டே ரோமன் போலன்ஸ்கி எடுத்த ‘ரோஸ்மேரிஸ் பேபி’ நின்று நோக்கற்குரியது. நியூயார்க்கின் பழைய அடுக்ககம் ஒன்றில் குடியேறும் இளம் இணையர், கணவன் நடிகன். நல்ல வேடம் ஒன்றைப் பெறுவதற்காக அவன் அண்டையிலுள்ள சாத்தான் வழிபாட்டினரிடம் மனைவியின் கருப்பையை விலையாகக் கொடுக்கிறான். மயக்கமருந்து ஊட்டப்பட்ட இரவுக்குப் பின் உடலெங்கும் கீறல்களோடு விழிக்கும் அவளிடம், குழந்தைக்கு ஏற்ற இரவைத் தவறவிட மனமின்றித் தானே அவ்வாறு செய்ததாக அவன் இயல்பாகச் சொல்கிறான். அவள் திகைக்கிறாள், வருந்துகிறாள், அவ்வளவே. சாத்தானை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் இக்காட்சியின் கொடுமை குறைவதில்லை. கணவனின் சமாதானம் அன்றைய சட்டத்தின்படி முழுமையாகச் செல்லுபடியாவது. 1968இல் அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் மனைவியைக் கணவன் வன்புணர்தல் குற்றமாகக் கருதப்படவில்லை. எல்லா மாநிலங்களிலும் அது குற்றமாக 1993 ஆயிற்று. இங்கிலாந்தில் பிரபுக்கள் அவை 1991இல்தான் அவ்வாறு தீர்ப்பளித்தது. இந்தியாவிலோ தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவில் இருந்த விலக்கை 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையும் தன் 63ஆம் பிரிவில் தாங்கி வந்தது.

ரோஸ்மேரி உண்மையை அறியும் விதம் கவிஞருக்கு உவப்பாக இருக்கும். சொல்லாட்ட எழுத்துக்கட்டைகளைத் தரையில் பரப்பி மாற்றி மாற்றி அடுக்கி, அண்டை வீட்டு முதியவரின் பெயர் வேறொரு பெயரின் எழுத்துமாற்றம் என்பதைக் கண்டுபிடிக்கிறாள். சான்றாக இருந்த நூலைக் கணவன் அகற்றிவிடுகிறான். அவள் தப்பியோடி வேறொரு மருத்துவரிடம் அடைக்கலம் புகுந்து எல்லாவற்றையும் சொல்கிறாள். அவர் கனிவோடு கேட்டு, ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, கணவனையும் பழைய மருத்துவரையும் வரவழைத்து அவளை ஒப்படைக்கிறார். ஸ்காட்லாந்து யார்டின் ஆடவன் இங்கே இல்லை. நம்புபவர் எவருமிலர் என்பதே 1944க்கும் 1968க்கும் இடையே நேர்ந்த மாற்றம். இப்படத்தை எடுத்தவர் 1977இல் சிறுமி ஒருத்தி தொடர்பான பாலியல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அடுத்த ஆண்டு நாட்டைவிட்டு ஓடியவர் என்பதைச் சொல்லாமல் இப்படத்தைப் புகழ்தல் முறையாகாது.

லெவினின் மற்றொரு புதினம் ‘த ஸ்டெப்போர்டு வைவ்ஸ்’. 1972இல் வெளிவந்து 1975இல் பிரையன் போர்ப்ஸ் இயக்கத்தில் படமாயிற்று. கனெக்டிகட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஆடவர் சங்கத்தினர் தம் மனைவியரைக் கொன்றுவிட்டு அவர்கள் வடிவில் பணிவான இயந்திரப் பாவைகளை அமர்த்திக்கொள்கின்றனர். பெண்விடுதலை இயக்கம் வலுப்பெற்றிருந்த காலத்தில் வந்தும், இயக்கத்தின் முன்னோடியான பெட்டி பிரீடன் இதனை ஏற்கவில்லை. அவர் சினம் விளங்கிக்கொள்ளத்தக்கதே. போராடும் பெண் தோற்பதைக் காசு கொடுத்துப் பார்க்கச் செய்யும் படம் இது. ஆயினும் படத்தின் கடைசிக் காட்சியை மறத்தல் அரிது. அங்காடியில் அழகிய மனைவியர் தள்ளுவண்டிகளுடன் மெல்ல உலவி ஒருவரையொருவர் நலம் விசாரித்துச் செல்கின்றனர். குருதியில்லை, அலறலில்லை. நீலத்தாடியின் அறையிலிருந்த பிணங்கள் வெளியே வந்து காய்கறி வாங்குகின்றன.

இதற்குப் பின் சில ஆண்டுகள் கதை கணவன் பக்கத்திலிருந்து சொல்லப்பட்டது. டேவிட் குரோனன்பெர்க் தம் மணமுறிவையும் மகளின் பொறுப்பு குறித்த வழக்கையும் மனத்திற்கொண்டு 1979இல் ‘த புரூட்’ எடுத்தார். அன்ட்ரேய் சுவாவ்ஸ்கி தம் மணமுறிவிலிருந்து 1981இல் ‘பொசெஷன்’ எடுத்தார். இரண்டிலும் பிரிய விரும்பும் மனைவியே பேருருவான கொடுமையாகிறாள். சுவாவ்ஸ்கியின் படம் பெர்லின் சுவரருகே நிகழ்வது. சுரங்கப்பாதையில் மனைவி துடித்துச் சிதையும் காட்சியில் இசபெல் அட்ஜானியின் நடிப்பு இயக்குநரின் வழக்கையே தோற்கடித்துவிடுகிறது. குற்றவாளியாகக் காட்டப்பட வந்தவள் பாதிக்கப்பட்டவளாகவே நம் கண்ணில் நிற்கிறாள். இவற்றுக்கு இடையே 1980இல் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘த ஷைனிங்’ வந்தது. அதில் பூட்டிய கதவின் உட்புறத்தில் நிற்பவள் மனைவி. கோடரியால் கதவைப் பிளப்பவன் கணவன். பழைய கதையின் கதவு மறுபக்கம் திரும்பிவிட்டது.

தமிழ்த் திரையிலும் நீலத்தாடிக்கு ஒரு வீடு உண்டு. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ 1978இல் வந்தது. செல்வந்தனை மணந்து பெரிய மாளிகைக்குள் புகுந்த சாரதா, கணவன் இல்லாத வேளையில் மறைவான அறை ஒன்றில் அவனுடைய கடந்த காலத்தைச் சுவரெழுத்தாகப் படிக்கிறாள். தோட்டத்து ரோஜாக்கள் பூப்பது அவன் கொன்ற பெண்களின் மேல். மேலைப் படங்கள் பலவற்றில் கணவனின் நோக்கம் நகையோ பதவியோ ஆக, இங்கே இளமையில் பெண்களால் அவன் அடைந்த அவமானம் காரணமாகக் காட்டப்படுகிறது. குற்றத்தின் வேரை மீண்டும் பெண்ணிடமே கொண்டு சேர்ப்பது பெரோவின் முதல் நீதிதான். எனினும் அவ்வறைக்குள் சாரதா படித்துக்கொண்டு நிற்கும் பொழுதில் தமிழ்ப் பார்வையாளர் அடைந்த அச்சம், மாளிகையும் செல்வமும் பார்த்துப் பெண் கொடுக்கும் வழக்கத்தின்மேல் விழுந்த நிழல் என்பதை மறுக்கவியலாது.

பிந்திய படங்களில் இரண்டைச் சுட்டினால் போதும். 1991இல் வந்த ‘ஸ்லீப்பிங் வித் தி எனிமி’ பெருங்கலைப் படைப்பன்று. ஆனால் ஒரு நுட்பம் அதில் உண்டு. குளியலறைத் துண்டுகள் ஒரே அளவில் தொங்க வேண்டும், அலமாரியில் டப்பாக்கள் முகம் மாறாமல் நிற்க வேண்டும் என்பவன் கணவன். இறந்ததாக நம்பச் செய்து தப்பிச் சென்ற மனைவி, நெடுந்தொலைவிலுள்ள தன் புதிய வீட்டில் ஒருநாள் துண்டுகள் சீராகத் தொங்குவதைக் காண்கிறாள். ஒழுங்கைக் கண்டு அஞ்சுதல்! இந்தியில் 1995, 1996 ஆகிய ஈராண்டுகளில் மட்டும் மூன்று படங்கள் இக்கதையை எடுத்தாண்டன. 2020இல் லீ வானல் எச்.ஜி. வெல்ஸின் பழைய புதினத்தலைப்பை எடுத்துக்கொண்டு ‘தி இன்விசிபிள் மேன்’ படைத்தார். விலகிச் சென்ற பெண்ணைத் தொடர்பவன் எவர் கண்ணுக்கும் தெரியாதவன். ஆகவே அவள் சொல்வதைத் தோழியரும் காவலரும் நம்ப வழியேயில்லை. இறுதியில் அவன் கருவியையே அணிந்து அவள் அவனை முடிக்கிறாள். பத்திரையின் மலையுச்சிக்கு மேலைத் திரைப்படம் வந்து சேர்ந்த இடம் இது.

இவ்வரலாற்றில் இலக்கியக் கழகத்தார்க்கு உரிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. ஹாமில்டனின் நாடகத்தலைப்பு ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகிவிட்டது. 1969இலேயே ‘லான்செட்’ மருத்துவ இதழ் இத்தலைப்பைக் கொண்டு, நலமாக உள்ளவரை மனநோயாளராகக் காட்டி மருத்துவமனையில் சேர்க்க முயன்ற நேர்வுகளை விவரித்தது. இங்கிலாந்து 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி, கைந்நீட்டாமலே துணையை அடக்கி ஆளுதலை ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2022க்குரிய சொல்லாக இதனையே தேர்ந்தது. பெயரில்லாதிருந்த துன்பத்துக்கு ஒரு விளக்கு பெயர் கொடுத்தது.

தமிழில் அதற்கு நிலைபெற்ற சொல் இன்னும் அமையவில்லை; இதழ்கள் ஆங்கில ஒலியையே எழுதுகின்றன. ‘மருட்டுதல்’ என்னும் பழவினை மயக்குதலையும் அச்சுறுத்தலையும் ஒருங்கே குறிப்பதால் சற்று அணித்தாக வருகிறது. ஆயினும் தான் கண்டதைத் தானே ஐயுறச் செய்தல் என்னும் கூறு அதில் இல்லை. ‘மனப்பிராந்தி’, ‘கற்பனை’, ‘உனக்கு எப்போதும் இப்படித்தான்’ என அவளிடம் சொல்வதற்கான சொற்கள் மட்டும் வீடுகளில் நிறையவே உள்ளன. அவற்றை அவள் திருப்பிச் சொல்வதற்கான சொல் கவிஞர்களின் கையில் இருக்கிறது.